ஹேண்ட்ஓவர் ஆகாத பாடம்

எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஆன்லைன் என்ற சொல்லை யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஒரு திங்கட்கிழமை காலை ஸ்டாஃப் மீட்டிங்கில் அந்தச் சொல்லை அவர் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் அது என் தலையில் கட்டப்பட்டுவிட்டது. செமினார் ஹாலில் புரொஜெக்டர் மக்கர் செய்தால் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகுகிற தைரியம் எனக்கு இருந்தது, அவ்வளவுதான் காரணம். கம்ப்யூட்டர் துறையில் ஒரு பட்டாளமே இருந்தது. அவர்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்துக் குனிந்து டைரியில் எதையோ எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் மெக்கானிக்கல். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "சார், ரெக்கார்டிங் எங்க பண்றது?" என்று கேட்டுவிட்டேன்.

"நீங்களே பாத்து முடிவு பண்ணுங்க மேடம்," என்றார் முதல்வர். முடிந்தது கதை.

இது 2012இல். கல்லூரி ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், ஒரு பெரிய வளைவு தாண்டி உள்ளே தள்ளி இருந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏதாவது ஒரு கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர். காலையில் நான் ஸ்கூட்டரில் வரும்போது எதிரே கம்பெனி பஸ்கள் வரிசையாக வரும். ஷிஃப்ட் முடித்தவர்கள் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டு போவார்கள். அவர்களைப் பார்த்துத்தான் முதல்வருக்கு யோசனை வந்திருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்களும் ஐடிஐ முடித்தவர்களும் இவ்வளவு பேர் சுற்றி இருக்கிறார்கள், அவர்கள் கல்லூரிக்கு வர முடியாது, கல்லூரி அவர்களிடம் போகட்டும் என்றார். தரக் கட்டுப்பாட்டில் ஒரு வருட டிப்ளமோ, முழுக்க ஆன்லைன். நல்ல யோசனைதான். வேலை முழுக்க என்னுடையது என்பதால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

ரெக்கார்டிங்குக்குப் பழைய டிராயிங் ஹாலின் மூலையைப் பிடித்தேன். ஃபேன் ஓடினால் மைக்கில் உறுமல் கேட்கும், அதனால் ஃபேன் கிடையாது. ஜன்னல் திறந்தால் ரோட்டுச் சத்தம், அதனால் ஜன்னலும் கிடையாது. அத்தனையும் அடைத்துவிட்டு, "தரம் என்றால் என்ன?" என்று நான் வாயைத் திறக்கும்போது புதுக் கார்களை ஏற்றிக்கொண்டு ஒரு டிரெய்லர் லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போகும். மறுபடி ஆரம்பித்தால் கரண்ட் போய்விடும். அது மின்வெட்டுக் காலம். கரண்ட் இருக்கிற நேரத்துக்கு என் பாடம், இல்லாத நேரத்துக்கு என் வசவு என்று காலம் ஓடியது. முதல் வீடியோவைப் பார்த்துவிட்டு என் கணவர், "பாடம் நடத்தினியா, இல்ல யாரையாவது துரத்திட்டு ஓடினியா?" என்று கேட்டார். முகமெல்லாம் அவ்வளவு வியர்வை.

வீடியோவைக்கூடச் சமாளித்துவிட்டேன். சமாளிக்க முடியாதது முதல்வரின் ஒழுங்குமுறை. ஆன்லைனாக இருந்தாலும் கல்லூரி கல்லூரிதான் என்பது அவர் கட்சி. எனவே பாடத்தளத்தில் ஒவ்வொரு பாடமும் காலையில் ஒரு முறை திறக்கும், மதியச் சாப்பாட்டுக்கு முன் பூட்டிக்கொள்ளும். சாயங்காலம் ஒரு முறை திறந்து பூட்டிக்கொள்ளும். அத்தோடு சரி, அந்தப் பாடம் திரும்ப வராது.

"ஷிஃப்ட்ல இருக்கறவங்க எப்படி சார் பாப்பாங்க?"

"வகுப்புல நடத்தின பாடத்த மறுபடி மறுபடி நடத்துவோமா மேடம்? ஆர்வம் இருக்கறவங்க எப்படியாவது வருவாங்க."

அட்டெண்டன்ஸும் உண்டு. ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வட்டப் புள்ளி. ஒழுங்காகப் பாடம் பார்த்தால் பச்சை, கொஞ்சம் விட்டால் மஞ்சள், நிறைய விட்டால் சிவப்பு. சிவப்பு தொடர்ந்தால் பெயர் தானாகவே கோர்ஸிலிருந்து போய்விடும். இதைச் சேர்க்கை நாளன்று ஒவ்வொருவரிடமும் உரக்கச் சொல்ல வேண்டியது என் பொறுப்பு.

அந்தச் சேர்க்கை நாளில்தான் கோவில்பட்டிக்காரி வந்தாள். சுங்குவார்சத்திரத்துப் பக்கம் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் டிரெய்னி. விடுமுறை நாள்தான், ஆனாலும் கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை தொங்கியது. கழற்ற மறந்திருப்பாள். உட்காரச் சொன்னால் உட்காராமல் நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

"எதுக்கும்மா இந்தப் படிப்பு?"

"எங்க பிளான்ட்ல டிரெய்னிங் ரூம்னு ஒண்ணு இருக்கு மேடம். புதுசா வர்ற புள்ளைகளுக்கு வேல சொல்லிக்குடுக்கிற எடம். அங்க ஒரு ஆள் வேணுமாம். தரக் கட்டுப்பாட்டுல டிப்ளமோ இருந்தா எடுத்துக்கிடுவாங்க. எனக்கு டிரெய்னி காலம் அடுத்த கோடையோட முடியுது. அதுக்குள்ள கையில டிப்ளமோ இருக்கணும்."

"இல்லாட்டி?"

"இல்லாட்டி என்ன மேடம், எங்கம்மா பாக்குற தீப்பெட்டி ஆபீஸ்ல நானும் போயி ஒக்காரணும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நான் ஒப்பித்ததை மற்றவர்கள் பஸ் கண்டக்டர் அறிவிப்பைக் கேட்பதுபோல் கேட்டார்கள். இவள் மட்டும், "செவப்பு வந்தா பேரு போயிரும். அப்படித்தான மேடம்?" என்று திரும்பச் சொல்லி உறுதி செய்துகொண்டாள்.

கோர்ஸ் தொடங்கியது. சில நாட்களில் பாடத்தளத்தைத் திறந்தால் மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி சிவப்பு விளக்காக இருந்தது. இருங்காட்டுக்கோட்டையில் ஒரே அறையில் தங்கியிருந்த பையன்கள் கூட்டமாகச் சேர்ந்து கூட்டமாகச் சிவந்தார்கள். ஓவர்டைம் என்றார்கள், நெட் டாங்கிளில் காசு இல்லை என்றார்கள், கரண்ட் இல்லை என்றார்கள். எல்லாம் நிஜம்தான், என்ன செய்வது? அந்தச் சிவப்புக்கு நடுவே ஒரே ஒரு பெயர் பச்சை. வாரம் மாறினாலும் பச்சை, ஷிஃப்ட் மாறினாலும் பச்சை. கோவில்பட்டிக்காரி காலையிலும் பாடம் பார்த்தாள், சாயங்காலமும் பார்த்தாள். மின்வெட்டு முடிந்த மறுநிமிடம் உள்ளே இருந்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தளத்தின் பொதுப் பக்கத்தில், "இந்தப் பெண்ணைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று நீளமாக ஒன்று எழுதிவிட்டேன். இருங்காட்டுக்கோட்டைப் பையன்களில் ஒருவன் கீழே கேட்டிருந்தான்: "மேடம், அந்த அக்கா தூங்கவே மாட்டாங்களா?" அடுத்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுவதை விட்டுவிட்டு உன் பாடத்தைப் பார் என்று அவனுக்கு ஒரு டோஸ் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் சின்னச் சின்னதாக உறுத்த ஆரம்பித்தது. சந்தேகம் கேட்கிற பக்கத்தில் அவள் எழுதுவது ஒரு நாள், "மேடம், ஒரு சின்ன சந்தேகம், கோவிச்சுக்கிடாதீங்க" என்று இருக்கும். மறுநாள், "மேடம் படம் நட்டநடுவுல நின்னுகீது, இன்னா பண்றது?" என்று இருக்கும். கோவில்பட்டிக்கு 'இன்னா' எப்படி வந்தது என்று யோசித்தேன். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்தால் யாருக்கும் வந்துவிடும் என்று நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதாவது நேரலை வகுப்பு வைப்பேன். மாணவர்கள் கேமரா போட வேண்டும். அந்தக் கால டாங்கிள் வேகத்தில் முகம் கட்டம் கட்டமாகத்தான் வரும்; பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது. முதல் நேரலையில் கோவில்பட்டிக்காரி பெயரில் கண்ணாடி போட்ட ஒரு பெண் வந்தாள். சேர்க்கையன்று கண்ணாடி இருந்ததா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னாள், சந்தோஷமாக இருந்தது. வெகு நாள் கழித்து அடுத்த நேரலை. அதில் கண்ணாடி இல்லை, முகமும் கொஞ்சம் உருண்டை.

"கண்ணாடி எங்கம்மா? கழட்டி வெச்சிட்டியா?"

"எனக்குக் கண்ணாடியே கெடியாதே மேடம்," என்றது அந்த முகம். உடனே பின்னாலிருந்து யாரோ அவள் தோளில் அடித்தார்கள். இணைப்பு அறுந்துபோனது.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஊரெல்லாம் தம்பட்டம் அடித்துப் புகழ்ந்தவள் ஆள் வைத்துப் படித்திருக்கிறாள். என் காதில் பூ சுற்றியிருக்கிறார்கள், நானும் தலையை ஆட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன். வகுப்பை அப்படியே நிறுத்திவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன். சேர்க்கைப் படிவத்தில் சுங்குவார்சத்திரத்து விடுதி முகவரி இருந்தது. போகிற வழி முழுக்க என்ன கேட்க வேண்டும் என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

விடுதி என்பது ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே வாடகைக்கு எடுத்த மாடிகள். வார்டன் அம்மாள் என் குரலைக் கேட்டதும் கேள்வி எதுவும் கேட்காமல் அறையைக் காட்டினார். கதவு திறந்தே இருந்தது. ஒன்றின் மேல் ஒன்றாக இரும்புக் கட்டில்கள், குறுக்கே கொடியில் காயும் யூனிஃபார்ம்கள். ஒரு சூட்கேஸின் மேல், அரசு கொடுத்த இலவச லேப்டாப். அதன் முன்னால் உருண்டை முகம். கீழ்க் கட்டிலில் ஷிஃப்ட் முடித்து வந்து போர்த்திப் படுத்திருந்தாள் கோவில்பட்டிக்காரி.

"இதுல யாரும்மா என் ஸ்டூடண்ட்?" என்று கேட்டேன். ஒத்திகை பார்த்த எந்த வார்த்தையும் வரவில்லை, இதுதான் வந்தது.

உருண்டை முகம் எழுந்து நின்றது. "இப்ப நான்தான் மேடம்," என்றாள் பயத்தோடு.

அவள் செய்யாறுக்காரி. அதே பிளான்ட், வேறு ஷிஃப்ட். "அவ நைட்டு ஷிஃப்ட்டு பாத்துட்டு வந்து தூங்கிக்கினு கீறா மேடம். எழுப்பட்டுமா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் எழுப்பியும்விட்டாள். கோவில்பட்டிக்காரி என்னைப் பார்த்ததும் துள்ளி எழுந்து தலையை மேல் கட்டிலில் இடித்துக்கொண்டாள்.

திட்டினேன். நன்றாகவே திட்டினேன். ஆள் வைத்துப் படிப்பது திருட்டு என்றேன். அவள் அழவில்லை. அவளுக்கு நான் சொல்வது புரியவில்லை என்பதுதான் முகத்தில் தெரிந்தது.

"ரிலீவர்தான மேடம் போட்டோம்?" என்றாள்.

"என்னது?"

"லைன்ல ஒரு ஆளு தண்ணி குடிக்க எந்திரிச்சாக்கூட ரிலீவர் வந்து ஒக்காந்துருவாங்க மேடம். எடம் காலியா இருக்கக் கூடாதுல்ல. பாடம் தொறக்கிற நேரத்துல நான் ஷிஃப்ட்ல இருந்தாலோ ஷிஃப்ட் முடிஞ்சு தூங்குனாலோ ரூம்ல யாரு இருக்காளோ அவ ஒக்காருவா. எடம் காலியானா செவப்பு வரும்னு நீங்கதான மேடம் சொன்னீங்க?"

"ஏம்மா, அவ உக்காந்து படம் பாத்தா உனக்கு எப்படி மண்டையில ஏறும்?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள், இதுகூடத் தெரியாமலா ஒருத்தி பாடம் நடத்துகிறாள் என்பதுபோல. "ஹேண்ட்ஓவர் பண்ணுவோமே மேடம்," என்றாள் செய்யாறுக்காரி.

எனக்குச் செய்து காட்டினார்கள். செய்யாறுக்காரி லேப்டாப் முன்னாலேயே உட்கார்ந்துகொண்டாள். கோவில்பட்டிக்காரி அவள் தோளுக்குப் பின்னால் நின்றாள், லைனில் நிற்பது அப்படித்தானாம். அன்றைய காலைப் பாடத்தை உட்கார்ந்திருந்தவள் நின்றவளுக்குச் சொன்னாள்: என்ன தலைப்பு, மேடம் எதை அழுத்திச் சொன்னார், எந்த இடத்தில் படம் நின்றது, எது தனக்கே புரியவில்லை, அதனால் எதை மேடத்திடம் கேட்க வேண்டும். கோவில்பட்டிக்காரி நடுவில் மடக்கி மடக்கிக் கேட்டாள். திருப்தி ஆனதும், "எடுத்துக்கிட்டேன்" என்றாள். அதற்குப் பிறகுதான் செய்யாறுக்காரி எழுந்தாள். எடுத்துக்கிட்டேன் என்று வந்தவள் சொல்கிறவரை இருக்கிறவள் எழக் கூடாது. சொல்லாமல் எழுந்து போனால் லைனில் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது, தப்பு செய்தவர்களை எழுதுகிற போர்டில் பெயர் ஏறிவிடும் என்றார்கள்.

நான் அந்தப் பாடத்திலிருந்து இரண்டு கேள்வி கேட்டேன். இரண்டுக்கும் சரியாகச் சொன்னாள். வீடியோவில் நான் எடுத்துக்கொண்டதில் பாதி நேரத்தில் செய்யாறுக்காரி சொல்லி முடித்திருந்தாள். என்ன, அவளுக்கு லாரி ஹாரன் தொல்லை கிடையாது.

கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் நின்றேன். அப்போதுதான் ஓரத்துக் கட்டிலில் மெத்தை சுருட்டி வைத்திருந்ததைப் பார்த்தேன்.

"அந்தக் கண்ணாடி போட்ட பொண்ணு எங்க?"

"சங்கரன்கோவில்காரி மேடம். ஊருக்குப் போயிட்டா. அவளுக்கு டிரெய்னி காலம் முடிஞ்சிருச்சு," என்றாள் கோவில்பட்டிக்காரி. "நாங்க ஷிஃப்ட் முடிஞ்சி வரங்காட்டியும் கெளம்பிட்டா. கம்பெனி சொன்ன அன்னிக்கே ரூமைக் காலி பண்ணணும்," என்றாள் செய்யாறுக்காரி. எனக்கு டீ வாங்கி வரச் சொல்லி யாரையோ அனுப்பினார்கள். குடித்துவிட்டு, "இனிமே உன் பாடத்தை நீயேதான் பாக்கணும்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தேன். கண்டிப்பு எவ்வளவு எடுபட்டது என்று தெரியாது.

மறுநாள் முதல்வரிடம் நானே போய்ச் சொன்னேன். அடுத்தவர் வாயிலிருந்து அவர் கேட்பதைவிட அதுதான் நல்லது என்று பட்டது. அவர் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார்.

"இது ஆள்மாறாட்டம் மேடம். பேரை எடுத்துடுங்க."

பெயரை எடுத்தால் கோடை முடிந்ததும் அவள் தீப்பெட்டி ஆபீஸில் இருப்பாள். எனக்கு அது பொறுக்கவில்லை. "சார், பாடத்துக்கு மணியடிச்சு பூட்டு போட்டது நாம. ஷிஃப்ட்ல இருக்கற பொண்ணு எப்படி சார் பாப்பா? தப்பு பண்ணாம படிக்க நாம வழியே விடலையே," என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. வெளியே பியூன் எட்டிப் பார்த்தார். நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு முதல்வர் இறங்கி வந்தார், ஆனால் ஒரு பிடியோடு. பாடங்கள் இனி நாள் முழுக்கத் திறந்திருக்கும், ஆனால் பழைய பாடங்கள் பூட்டியது பூட்டியதுதான். அவளுடைய பச்சைப் புள்ளிகள் செல்லாது. கடைசியில் வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்து வாய்மொழித் தேர்வு நடத்துவார், எந்தப் பாடத்திலிருந்தும் கேட்பார். ஒரே ஒரு பாடத்தில் வாய் திறக்காவிட்டாலும் டிப்ளமோ கிடையாது.

அவளிடம் சொன்னேன். "சரி மேடம்," என்றாள். சாதாரணமாக மடக்கி மடக்கிக் கேட்கிறவள் அன்று வேறு ஒன்றுமே கேட்கவில்லை. அப்போதே எனக்கு மூக்கு வியர்த்திருக்க வேண்டும்.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் ஒரகடத்தில் ஒரு லாரி உதிரி பாகக் கம்பெனியில் பயிற்சித் துறையைப் பார்ப்பவர், தலை நரைத்தவர், அதிகம் பேசாதவர். முதல்வர் அவருக்கு அருகில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோவில்பட்டிக்காரி துவைத்துத் தேய்த்த யூனிஃபார்மில் வந்திருந்தாள். அந்த வார இறுதியோடு அவளுக்கு டிரெய்னி காலம் முடிகிறது. செய்யாறுக்காரி லீவு போட்டுவிட்டு வந்து வெளியே பெஞ்சில் இருந்தாள்.

தேர்வாளர் பாடத் தலைப்புகளின் பட்டியலைப் பார்த்து இஷ்டத்துக்கு மாற்றி மாற்றிக் கேட்டார். அவள் சொல்லிக்கொண்டே வந்தாள். கன்ட்ரோல் சார்ட் வரைபடத்தை மேஜையில் விரலாலேயே போட்டுக் காட்டினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை, முதல்வர் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டேன்.

"லைனை நிறுத்துற அதிகாரம் யாருக்கு? எப்ப நிறுத்தணும்?" என்று கேட்டார் தேர்வாளர். ஏழாம் பாடம்.

அவள் குனிந்து மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேள்வியை வேறு மாதிரி கேட்டுப் பார்த்தார். அப்போதும் இல்லை. முதல்வர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் பாடம் எனக்கு ஹேண்ட்ஓவர் ஆகல சார்," என்றாள் கடைசியில்.

நான் குறுக்கே புகுந்தேன். "என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா. நான் சொல்லிக்கொடுத்திருப்பேனே."

"கேட்டா சங்கரன்கோவில்காரி ஹேண்ட்ஓவர் குடுக்காம போயிட்டான்னு ஆயிரும்லா மேடம்," என்றாள். "அவ அப்படிப்பட்ட ஆளு இல்ல. அன்னிக்குக் காலையில ஏழாம் பாடம் பாத்தது அவதான், சாயங்காலம் தொறந்தப்போ கரண்டு இல்ல. நான் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள அவள ரூம காலி பண்ணச் சொல்லிட்டாங்க. அழுதுகிட்டே போனாளாம். அவகிட்ட போன் போட்டு, எனக்குப் பாடம் சொல்லுன்னு எப்படி மேடம் கேப்பேன்? அவளுக்குந்தான் அந்த டிரெய்னிங் ரூம் மேல ஆச இருந்துச்சு."

தேர்வாளர் பேனாவை மூடி வைத்தார்.

"அந்தப் பொண்ணு இப்ப எங்க?"

"சங்கரன்கோவில்ல சார்."

"நம்பர் இருக்கா?"

"இருக்கு சார்."

"எங்க பிளான்ட்ல ஹேண்ட்ஓவர் வாங்காம யாரையும் ஸ்டேஷன்ல உக்கார வைக்க மாட்டோம். நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். நீ வாங்கி வை."

முதல்வர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "சார், இது எக்ஸாம்."

"இன்னும் முடியலையே சார். வாங்க, நீங்களும் டீ சாப்பிடுங்க," என்று அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். எனக்கு அந்த மனிதரை அந்த இடத்திலேயே கையெடுத்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

செய்யாறுக்காரி வெளியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். அவள்தான் நம்பரை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, மேஜையில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தபோது பின்னால் விசைத்தறிச் சத்தம் கேட்டது. பிறகு அது தேய்ந்தது. அவள் வெளியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

"ஏ புள்ள, நாந்தான்," என்றாள் கோவில்பட்டிக்காரி.

"ஏழாம் பாடம்தான?" என்றது போன்.

இவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இம்புட்டு நாளா கூப்பிடாம என்னட்டி பண்ணுன? மறந்துரக் கூடாதேன்னு தறியில நிக்கும்போதெல்லாம் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கிட்டு கெடக்கேன். சரி, கேட்டுக்கோ."

சொன்னாள். ஒரே குறை அடுத்தடுத்து வந்தால் யாராக இருந்தாலும் கையைத் தூக்கலாம், லைனை நிறுத்தலாம். அதற்கு சூப்பர்வைசர் வேண்டியதில்லை. திட்டுவார்களே என்று பயந்து கெட்ட பீஸை அடுத்தவளிடம் தள்ளிவிடக் கூடாது. தள்ளினால் கடைசியில் அது யாரோ முகம் தெரியாதவர் வீட்டில் போய் நிற்கும். நிறுத்திய பிறகு யார் மேல் தப்பு என்று கேட்காதே, எங்கே தப்பு என்று கேள். மூன்று உதாரணங்கள், மூன்றும் என் வீடியோவில் நான் சொன்ன வரிசையிலேயே. "ரெண்டாவது உதாரணத்துல மேடம் ஒரு தடவ தும்முவாங்க. அதுல பாதி வார்த்த கேக்காது. அந்த எடத்துல 'மூல காரணம்'னு சொல்றாங்கன்னு நெனைக்கேன். மேடத்துக்கிட்ட கேட்டுக்கோ."

"மூல காரணம்தான்," என்றேன் நான். "ஐயோ, மேடம் இருக்காங்களா?" என்று பதறினாள். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன, மறைக்க முயலவில்லை.

கோவில்பட்டிக்காரி நடுவில் வழக்கம்போல் மடக்கிக் கேட்டாள். கேள்வியெல்லாம் முடிந்தது.

"எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டது போன்.

இவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லுட்டி. நீ சொன்னாத்தான நான் எந்திரிக்க முடியும்."

"எடுத்துக்கிட்டேன்," என்றாள். செய்யாறுக்காரி அவள் முதுகில் கை வைத்தாள்.

"சரி, போயி பாஸ் பண்ணு. தறி நிக்கிது, முதலாளி கத்துவாரு," என்று அவள் வைத்துவிட்டாள்.

தேர்வாளர் டீ குடித்துவிட்டு வந்து அதே கேள்வியைக் கேட்டார். அவள் பதில் சொன்னாள், தும்மல் மறைத்த வார்த்தை உட்பட. அவர் அதற்கு மேல் எதுவும் கேட்காமல் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். முதல்வர் குறுக்கே வரவில்லை. டீக்கடையில் அவருக்கு என்ன சொல்லப்பட்டது என்று எனக்குத் தெரியாது. டிரெய்னி காலம் முடிகிற நாளுக்கு முன்பே கையெழுத்தான டிப்ளமோவை அவள் கையில் கொடுத்தேன். டிரெய்னிங் ரூமில் அவளை எடுத்துக்கொண்டார்கள். புதிதாக வருகிற பெண்களுக்கு அவள் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது என்ன என்று நான் கேட்கவே இல்லை. கேட்காமலே தெரியும்.

அடுத்த வருடச் சேர்க்கையில் முதல்வரிடம் சண்டை போட்டு எல்லாப் பூட்டையும் எடுத்துவிட்டேன். எந்தப் பாடத்தையும் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டு வந்தபோது ஒரு முகவரி சங்கரன்கோவில் என்று இருந்தது. கட்டணத்தைக் கட்டியிருந்தது சுங்குவார்சத்திரத்து விடுதி அறைப் பெண்கள். கம்பெனி வேண்டாம், விடுதி வேண்டாம், பஸ் வேண்டாம், ஒரு பிரவுசிங் சென்டர் போதும் என்பதுதானே ஆன்லைன்? ஒரு வருடமாக அந்தச் சொல்லைத் திட்டிக்கொண்டிருந்த எனக்கு அன்றைக்குத்தான் அதன் அருமை தெரிந்தது.

வாரா வாரம் சங்கரன்கோவில்காரியின் புள்ளியைப் பார்ப்பேன். ஒரு வாரம் பச்சை, தறியில் வேலை அதிகமானால் மஞ்சள், பண்டிகை வந்தால் சிவப்பு, மறுபடி பச்சை. முதல் சிவப்பு வந்த அன்று போன் போட்டு வழக்கம்போல் திட்டினேன். வைத்த பிறகு நிம்மதியாக இருந்தது. இந்த முறை அவளே அவள் பெயரில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.